பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வேறு ஒயின்: ஷாத்தோ ஓ-பிரியோன்

பிரெஞ்சு ஒயின் புட்டியை முதல்முறை கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திகைக்கிறார்கள். எந்தத் திராட்சையில் செய்தது என்று முன்பக்கச் சீட்டில் இருக்காது. ஒரு பழைய மாளிகையின் கோட்டோவியம், ஓர் ஊர்ப் பெயர், ஒரு வருடம், 'ஷாத்தோ' என்று தொடங்கும் ஒரு பெயர். அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவிலிருந்தோ கலிஃபோர்னியாவிலிருந்தோ வரும் புட்டிகளில் 'மெர்லோ', 'ஷிராஸ்' என்று திராட்சை வகையே கொட்டை எழுத்தில் இருக்கும். இங்கே அதைக் காணோம். மாம்பழக் கூடையில் 'பங்கனப்பள்ளி' என்று எழுதாமல், தோப்புக்காரர் வீட்டின் பெயரை எழுதி வைத்த மாதிரி.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால், போர்தோ நகரத்தை ஒட்டியிருக்கும் பெஸ்ஸாக் என்ற புறநகரில் ஒரு தோட்டத்தின் வாசலில் போய் நிற்போம். அதுதான் ஷாத்தோ ஓ-பிரியோன். பிரெஞ்சில் எழுதும்போது அந்த 'ஓ'வுக்கு முன்னும் பின்னும் ஊமை எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வாயில் வருவது 'ஓ' மட்டும். 'உயர்ந்த', 'மேட்டு' என்று பொருள். 'ஷாத்தோ' என்றால் கோட்டை அல்லது மாளிகை. போர்தோ பக்கத்தில் அது தோட்டம், கட்டடம், ஒயின் மூன்றுக்கும் சேர்த்தே பெயராகிவிட்டது. ஓட்டு வீடும் நாலு ஏக்கரும் வைத்திருப்பவர்கூட ஷாத்தோ என்று போட்டுக்கொள்வதுண்டு. ஓ-பிரியோனில் நிஜமாகவே மாளிகை இருக்கிறது.

ஊர் பேர் தெரியாத பீப்பாய்கள்

போர்தோ ஒயினுக்கு இங்கிலாந்துச் சந்தை மிகப் பழையது. 1152-இல் அக்கித்தேன் பிரதேசத்துச் சீமாட்டி எலியனோர், ஹென்றி பிளான்டாஜெனட்டை மணந்தார். இரண்டே ஆண்டுகளில் அவர் இங்கிலாந்து மன்னரானார். மணமகள் வழியே வந்த நிலப்பரப்பில் போர்தோவும் இருந்ததால், 1453 வரை அந்த நகரம் ஆங்கிலேய முடியின் கீழேயே இருந்தது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கப்பல்கள் வந்து, அந்த ஆண்டுச் சரக்கைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு போகும். 'கிளாரெட்' என்று ஆங்கிலேயர் அழைத்த அந்த ஒயின், இன்று நாம் சிவப்பு ஒயின் என்று சொல்வதைவிட வெளிர் நிறம். அடர்த்தியும் குறைவு.

எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று யாரும் கேட்கவில்லை. வியாபாரி பல இடங்களில் வாங்கியதைக் கலந்து விற்பார். வந்த சில மாதங்களுக்குள் குடித்துவிட வேண்டும். அடுத்த கோடைக்குள் புளித்துப்போகும். புதுச் சரக்கு வந்ததும் பழைய சரக்கின் விலை விழுந்துவிடும். 'பழைய ஒயின்' என்பது அன்று பெருமையில்லை, வசவு.

1525-இல் ழான் த பொந்தாக் என்பவர், லிபூர்ன் நகர மேயரின் மகளை மணந்துகொண்டார். சீதனத்தில் ஓ-பிரியோன் என்ற மேட்டு நிலத்தின் ஒரு பகுதியும் வந்தது. 1533-இல் அங்கிருந்த பண்ணை வீட்டுரிமையை வாங்கினார். 1549-இல் மாளிகை கட்டத் தொடங்கினார். இன்றும் புட்டிச் சீட்டில் இருப்பது அந்த மாளிகைதான். அவர் மூன்று முறை மணம் செய்து, பதினைந்து பிள்ளைகள் பெற்று, நூற்றியோரு வயது வரை வாழ்ந்தார் என்று தோட்டத்தார் சொல்கிறார்கள். ஒயின் விற்பவருக்கு இதைவிட நல்ல விளம்பரம் அமையாது.

அவர் வழியில் வந்த மூன்றாம் அர்னோ த பொந்தாக்தான் நம் கதைக்கு முக்கியமானவர். போர்தோ உயர் நீதிமன்றத்தின் தலைவர், பெரும் பணக்காரர். தன் ஒயினை மற்றவர் சரக்கோடு கலக்க விடாமல், தோட்டத்தின் பெயரிலேயே லண்டனுக்கு அனுப்பினார். 1660-61-இல் இரண்டாம் சார்லஸ் மன்னரின் மதுக்கிடங்குக் கணக்கில், 'ஹோப்ரியோனோ' ஒயின் 169 புட்டி பரிமாறப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. 1663 ஏப்ரல் 10 அன்று, லண்டனில் ராயல் ஓக் என்ற மதுச்சாலையில் குடித்துவிட்டுத் திரும்பிய சாமுவேல் பீப்ஸ் என்ற அரசு அதிகாரி தன் நாட்குறிப்பில், 'ஹோ பிரையன்' என்ற பிரெஞ்சு ஒயினுக்கு இதுவரை தான் அறியாத தனிச்சுவை இருந்தது என்று எழுதிவைத்தார். எழுத்துக்கூட்டல் கேட்டபடிதான், காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். ஆனால் அவர் எழுதியது நாட்டின் பெயரையோ துறைமுகத்தின் பெயரையோ அல்ல. ஒரு தோட்டத்தின் பெயரை. அன்றைக்கு அது புதிது.

1666-இல் லண்டன் தீப்பற்றி எரிந்து முடிந்த கையோடு, பொந்தாக் தன் மகனை அங்கே அனுப்பினார். மகன் திறந்த 'பொன்டாக்ஸ் ஹெட்' என்ற உணவகம் கொஞ்ச நாளில் நகரத்துப் பெரிய மனிதர்கள் கூடும் இடமாயிற்று. தோட்டக்காரரே தூர தேசத்தில் கடை போட்டு, கூடுதல் விலை வைத்து, பெயரைச் சொல்லி விற்கிறார். இன்றைய வணிகக் கல்லூரிகளில் சொல்லித்தரும் சங்கதி இது.

பெயர் வைத்தால் மட்டும் போதாது. அடுத்த ஆண்டும் அதே சுவை கிடைக்க வேண்டும், கெடாமல் இருக்க வேண்டும். நல்ல குலைகளைத் தனியே பிரிப்பது, பீப்பாயில் ஆவியாகிக் குறைவதை அவ்வப்போது நிரப்பிக் காற்றுப் படாமல் பார்ப்பது, அடியில் வண்டல் தங்கவிட்டுத் தெளிவை மட்டும் வேறு பீப்பாய்க்கு இறுப்பது, காலிப் பீப்பாய்க்குள் கந்தகத் திரியைக் கொளுத்திக் கிருமி நீக்குவது ஆகிய வேலைகள் அந்த நூற்றாண்டில்தான் போர்தோவில் ஊன்றின. கந்தகத் திரியைப் பரப்பியவர்கள் டச்சு வியாபாரிகள். இவற்றால் ஒயின் அடர்த்தியாயிற்று, ஆண்டுக்கணக்கில் நின்றது. (தெளிய வைத்த மதுவுக்குப் பழந்தமிழில் 'தேறல்' என்று பெயர். தேறுதல் என்றால் தெளிதல். இறுத்து வைப்பதன் அருமை நம்மவருக்கும் தெரிந்தேயிருக்கிறது.)

சரளையில் என்ன இருக்கிறது

1677-இல் ஜான் லாக் என்ற ஆங்கில மெய்யியலாளர் இந்தத் தோட்டத்தைப் பார்க்க வந்தார். ஆளைத் தெரியாதவர்களுக்கு: அரசியல் சிந்தனையில் பெரிய பெயர். வந்தவர் மண்ணைப் பார்த்து அசந்துவிட்டார். வெள்ளை மணலும் கொஞ்சம் சரளையும், எதுவும் விளையாது போலத் தோன்றும் மண் என்று குறித்துக்கொண்டார். அதோடு இன்னொன்றும் எழுதினார். பக்கத்துத் தோட்டத்துக்கும் இதற்கும் நடுவே ஒரு பள்ளம் மட்டும்தான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் அந்தப் பக்கத்து ஒயின் இதற்கு ஈடாகாது என்று வியாபாரிகள் அடித்துச் சொல்கிறார்கள்.

'தெர்வார்' என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் கருத்து முழுதும் அந்தப் பள்ளத்தில் அடங்கிவிடும். மண், அடிமண், சரிவு, வடிகால், வெயில், காற்று எல்லாம் சேர்ந்து ஒரு துண்டு நிலத்துக்குக் கொடுக்கும் குணம்தான் தெர்வார். 'மண்வாகு' என்று நாம் சொல்வதற்குக் கிட்டே வரும். புட்டியில் திராட்சையின் பெயர் இல்லாமல் நிலத்தின் பெயர் இருப்பதற்குக் காரணமும் அதுதான். திராட்சைக் கன்றை யாரும் வாங்கி நடலாம். மேட்டை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ஓ-பிரியோன் இருக்கும் வட்டாரத்துக்குப் பெயர் 'கிராவ்'. பிரெஞ்சில் அதற்குச் சரளை என்றுதான் பொருள். கரோன் ஆறு பல லட்சம் ஆண்டுகளாக உருட்டிக்கொண்டு வந்து குவித்த கூழாங்கற்கள் அங்கே மேடுமேடாகக் கிடக்கின்றன. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். போர்தோ கடலுக்கு அருகே இருப்பதால், பழம் முற்றும் செப்டம்பரில் மழை வந்து காரியத்தைக் கெடுப்பது அடிக்கடி நடப்பதுதான். வேர் தண்ணீரில் நின்றால் பழம் ஊதிச் சப்பிட்டுப்போகும். சரளை அதைத் தடுக்கிறது. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவிலும் கொஞ்சம் சூடு கொடுக்கிறது. அடியில் களிமண் இருப்பதால் வறண்ட கோடையில் ஆழத்து வேருக்கு ஈரமும் கிடைக்கிறது.

சத்தில்லாத மண்ணில் விளைவது எப்படி நல்லதாகும் என்று கேட்கலாம். நஞ்சையில் நட்டால் திராட்சைக் கொடி இலையும் தண்டுமாகக் கொழுக்கும், பழம் பெருத்து நீர்த்துப்போகும். மண் மெலிந்திருந்தால் குலை குறையும், பழம் சிறுக்கும். சிறிய பழத்தில் சாற்றைவிடத் தோலின் பங்கு கூடுதல். சிவப்பு ஒயினுக்கு நிறம், துவர்ப்பு, மணத்தில் பெரும்பகுதி எல்லாம் தோலில்தான் இருக்கின்றன.

கல்லின் ருசியே வேர் வழியாக ஏறி ஒயினில் இறங்குகிறது என்று சிலர் அளப்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். கல் செய்வது வடிகால் வேலையும் வெப்ப வேலையும்தான். அதுவே பெரிய வேலை.

சாறு எப்படிச் சிவப்பாகிறது

கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் வருவது பெரும்பாலும் நிறமற்ற சாறுதான். வெள்ளை ஒயினுக்குத் தோலைச் சீக்கிரமே ஒதுக்கிவிடுவார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோலையும் விதையையும் சாற்றோடு தொட்டியில் போட்டு நொதிக்க விடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும்போது, தோலிலிருந்து நிறமும் 'டானின்' என்ற பொருளும் இறங்கும். ஒயின் பற்றிய ஆங்கிலப் பேச்சில் டானினை விளக்கப் பத்தி பத்தியாக எழுதுவார்கள். நமக்கு அந்தச் சிரமமில்லை. அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பைத் தனியே எண்ணி வைத்திருக்கிறோம். நாவல் பழம் தின்றால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, வாழைப்பூவில், கடுக்காயில் இருக்குமே, அதேதான். இளம் சிவப்பு ஒயினில் அது முரடாக இருக்கும். ஆண்டுகள் போகப் போக மழுங்கி மென்மையாகும். நல்ல போர்தோ ஒயினைப் பத்து இருபது ஆண்டுகள் கிடங்கில் படுக்க வைப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

ஓ-பிரியோன் சிவப்பு ஒயினில் முக்கியமாக மூன்று திராட்சைகள் உண்டு. காபர்னே சோவினியோனில் தோல் தடிமன், துவர்ப்பு கூடுதல்; அதுதான் ஒயினுக்கு எலும்பு. மெர்லோ சீக்கிரம் பழுக்கும், சதைப்பற்றும் மென்மையும் தரும். காபர்னே ஃபிராங் கொஞ்சமாகச் சேரும், மணத்துக்கு. வடக்கே மெதோக் வட்டாரத்துப் பெரிய தோட்டங்களில் காபர்னே சோவினியோன்தான் ராஜா. இங்கே மெர்லோ அதற்குச் சமமாக, சில ஆண்டுகளில் கூடுதலாகவே நிற்கிறது. அதனால் இந்த ஒயின் அதிகம் முறைக்காது. புகை, புகையிலை, சுட்ட மண் வாசனை என்று சுவைப்பவர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். வெள்ளை ஒயினும் மிகக் கொஞ்சம் செய்கிறார்கள். அது தனிக்கதை.

மூன்றையும் துண்டு துண்டாகப் பறித்து, தனித்தனியே நொதிக்க வைத்து, பிறகுதான் கலப்பார்கள். சமையலில் மசாலாவைத் தனித்தனியே வறுத்துப் பிறகு சேர்ப்பதைப் போல. நடுவில் இன்னொரு நொதிப்பும் உண்டு. பச்சை ஆப்பிளில் இருக்கும் கூரிய மாலிக் அமிலத்தை, தயிரில் இருக்கும் மிதமான லாக்டிக் அமிலமாகப் பாக்டீரியா மாற்றிவிடும். அதற்குப் பிறகு 225 லிட்டர் பிடிக்கும் ஓக் பீப்பாயில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள். ஒரு பீப்பாய்க்கு 300 புட்டி. ஓக் மரம் காற்றை நூல் நூலாக உள்ளே விடும், தன் பங்குக்கு வாசனையும் தரும். ஓ-பிரியோனில் தோட்டத்துக்குள்ளேயே பீப்பாய்ப் பட்டறை இருக்கிறது.

நொதிக்கும்போது சூடு ஏறும். அதிகம் ஏறினால் ஈஸ்ட் செத்து, பாதியில் நின்று, சரக்கு காடியாகும் அபாயம் உண்டு. மரத்தொட்டியில் சூட்டை அடக்குவது பெரும்பாடு. வெக்கையான ஆண்டுகளில் பனிக்கட்டியை நம்பிக் காலம் தள்ளியவர்களும் போர்தோவில் உண்டு. 1961-இல் ஓ-பிரியோனில் எவர்சில்வர் தொட்டிகளை நிறுத்தினார்கள். முதல் தரத் தோட்டங்களில் முதலில் செய்தது இவர்கள்தான். பால் பண்ணையில் பார்க்கிற தொட்டி மாதிரி இருக்கிறதே என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். தந்தை ஜார்ஜ் டெல்மாஸிடமிருந்து பொறுப்பேற்ற ழான்-பெர்னார் டெல்மாஸ் செய்த மாற்றம் அது. அவர் பிறந்ததே இந்தத் தோட்டத்தில்தான். அவருக்குப் பிறகு மகன் ழான்-ஃபிலிப். உடைமையாளர்கள் மாறினாலும் தோட்டத்தை நடத்தியது மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம். மரபு என்றால் மரத்தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுவதல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கலக்கும்போது எல்லாத் துண்டு நிலத்துச் சரக்கும் தேறிவிடாது. இளங்கொடிகளின் விளைச்சல், அந்த ஆண்டு சரியாக வராத பகுதி ஆகியவற்றைத் தனியே ஒதுக்கி 'இரண்டாம் ஒயின்' என்று வேறு பெயரில் விற்பார்கள். இங்கே அதன் பெயர் முன்பு 'பஹான் ஓ-பிரியோன்'. 2007 அறுவடையிலிருந்து 'லெ கிளாரன்ஸ் த ஓ-பிரியோன்'. பெரிய ஒயின் ஒரு புட்டி விலைக்கு ஒரு நல்ல கைபேசி வாங்கிவிடலாம் என்பதால், ஆர்வத்துக்குச் சுவைக்க நினைப்பவர்கள் இரண்டாம் ஒயினிலிருந்து தொடங்குவதே புத்தி.

சீட்டில் இருக்கும் வருடம் புட்டியில் அடைத்த வருடமல்ல, பறித்த வருடம். ஒரே தோட்டம், ஒரே கொடி. ஆனால் வானிலை ஆண்டுக்கு ஆண்டு வேறு. ஓ-பிரியோன் பற்றிப் பேசுபவர்கள் 1945, 1961, 1989 என்று அறுவடைகளைப் பெயர் சொல்லி அழைப்பார்கள், வீட்டுப் பிள்ளைகளைச் சொல்வதுபோல. 1958 அறுவடையிலிருந்து புட்டியின் உருவமும் தனி: பழைய கண்ணாடிக் குடுவையைப் போல தோள் அகன்று கீழே ஒடுங்கியது. மற்ற போர்தோ புட்டிகளின் நடுவே தூரத்திலிருந்தே தெரியும்.

தரம் பிரித்தது யார்

1855-இல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. மூன்றாம் நெப்போலியன் காலம். போர்தோ ஒயின்களைக் காட்சிக்கு வைக்க ஒரு பட்டியல் கேட்டார்கள். வணிக மன்றம் அந்த வேலையைத் தரகர்களிடம் விட்டது. தரகர்கள் உட்கார்ந்து சுவைத்துப் பார்க்கவில்லை. பல்லாண்டு விலைப்பதிவுகளைப் பார்த்தார்கள். எது அதிக விலைக்குப் போய்க்கொண்டிருந்ததோ அது மேலே. சிவப்பு ஒயின்களை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். முதல் படிக்கு 'ப்ரமியே க்ரூ' என்று பெயர். 'க்ரூ' என்றால் விளைச்சல், விளைநிலம். அதில் நான்கே பெயர்கள்: லாஃபித், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன்.

முதல் மூன்றும் மெதோக்கில் இருப்பவை. சிவப்புப் பட்டியலில் மெதோக்குக்கு வெளியே இருந்து இடம்பெற்றது ஓ-பிரியோன் ஒன்றுதான். விலை அடிப்படையில் அதை விட்டுவிடவே முடியவில்லை. இருநூறு ஆண்டுகளாக லண்டனில் அதன் விலை பேசிக்கொண்டிருந்தது. 1787-இல் போர்தோ வந்த தாமஸ் ஜெஃபர்சன், அப்போது பிரான்சில் அமெரிக்கத் தூதர், முதல் தரத் தோட்டங்கள் என்று இதே நான்கைத்தான் குறித்தார். ஓ-பிரியோன் ஆறு டஜன் புட்டி வாங்கி வர்ஜீனியாவில் இருந்த உறவினருக்கும் அனுப்பினார். முதல் படியில் அதன் பிறகு நடந்த ஒரே மாற்றம், 1973-இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் என்ற தோட்டம் இரண்டாம் படியிலிருந்து மேலேறியது. இந்தப் பட்டியலைத் தேர்வு முடிவுபோல வணங்குபவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். அடிப்படையில் அது ஒரு சந்தை விலை நிலவரம்.

உடைமையாளர் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பொந்தாக் வழியிலிருந்து ஃபூமெல் குடும்பத்துக்கு வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794-இல், ழோசஃப் த ஃபூமெல் கில்லட்டினில் தலையை இழந்தார். 1801 முதல் 1804 வரை நெப்போலியனின் வெளியுறவு அமைச்சர் தாலிராண்டின் கையில் இருந்தது. எந்த ஆட்சி வந்தாலும் பிழைத்துக்கொண்ட மனிதர், நல்ல ஒயினைத் தேர்ந்ததில் வியப்பில்லை. 1836-இல் லாரியூ குடும்பம் வாங்கியது. 1935-இல் அமெரிக்க வங்கியாளர் கிளாரன்ஸ் டில்லன் வாங்கினார். இன்றுவரை அவர் வம்சத்திடமே இருக்கிறது. இப்போது நடத்துபவர் அவருடைய கொள்ளுப்பேரன், லக்சம்பர்க் இளவரசர் ராபர்ட். இரண்டாம் ஒயினுக்கு 'கிளாரன்ஸ்' என்று பெயர் வந்தது அந்த வங்கியாளரால்தான்.

தோட்டம் ஏறத்தாழ ஐம்பது ஹெக்டேர். சுற்றிலும் இப்போது நகரம். அடுக்குமாடிகளும் டிராம் வண்டியும் தாண்டி உள்ளே போனால் திடீரென்று கொடிகள். நகரத்துச் சூட்டில் பழம் ஒரு படி முன்னதாகவே முற்றுவதால், போர்தோவில் முதலில் கத்தரியைக் கையில் எடுக்கும் தோட்டங்களில் இதுவும் ஒன்று.

சாலையைக் கடந்தால் எதிரே இன்னொரு தோட்டம், லா மிசியோன் ஓ-பிரியோன். 1682 முதல் புரட்சி வரை கிறித்தவத் துறவிகள் வைத்திருந்தது. 1855 பட்டியலில் அதற்கு இடமில்லை. நெடுங்காலம் ஓ-பிரியோனுக்குப் போட்டி. 1983-இல் டில்லன் குடும்பம் அதையும் வாங்கிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு தோட்டங்களுக்கும் ஒரே உடைமையாளர், ஒரே டெல்மாஸ். இரண்டையும் ஒன்றாகக் கலந்து, விலை அதிகமான பெயரைப் போட்டு விற்றிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. சாலைக்கு இந்தப் பக்கத்துப் பழம் இந்தப் புட்டியில், அந்தப் பக்கத்துப் பழம் அந்தப் புட்டியில். ஒரே ஆண்டின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிக் குடித்துப் பார்ப்பவர்கள், எது உசத்தி என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.